குன்றமும் கண்மாயும்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் குன்றக்குடி. குன்றக்குடி என்ற அளவிலேயே நம் கைகள் தாமே குவிகின்றன. மயில்மேல் எழுந்தருளிய சண்முகநாதப் பெருமானையும், தைப்பூசக் காவடியையும், பங்குனி உத்திரத்தையும் நினையாத நகரத்தார் இல்லம் இல்லை. மலைமேல் உள்ள கோயிலின் பெருமையை நாம் பலகாற் பேசியிருக்கிறோம்; பேசக் கேட்டும் இருக்கிறோம். ஆனால் அம்மலையின் நிழலில் உள்ள ஊரைப் பற்றியும், அவ்வூரில் ஏர்பிடித்து வாழும் குடிகளைப் பற்றியும், அவர்தம் வயலுக்கு நீர் ஈயும் கண்மாய்களைப் பற்றியும் நாம் பேசியது மிகக் குறைவு. வணிகர் கூடிய அவையில் உழவைப் பற்றிப் பேசுவது எற்றுக்கு என்று சிலர் வினவலாம். அவ்வினாவிற்குரிய விடை, பேச்சு முடியுமுன் தானே விளங்கும் என்று நம்புகிறோம்.

ஊரும் பேரும்

குன்றக்குடி, காரைக்குடிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர்த் தொலைவில், பிள்ளையார்பட்டிக்கு அணித்தாக உள்ளது. குன்றினைச் சார்ந்த குடியிருப்பாதலின் இப்பெயர் எய்தியது. பேச்சு வழக்கில் அது குன்னக்குடி எனத் திரிந்தது. வடமொழியாளர் இதனை மயூரகிரி என்பர். செருக்கினால் முருகப்பெருமானின் சாபத்திற்கு ஆளான மயில் இங்கு மலையாகக் கிடந்து தவமிருந்து, பின் அப்பெருமான் அருளாலேயே விடுதலை பெற்றது என்பது தலபுராணச் செய்தி. அருணகிரிநாதரும் இத்தலத்தைத் திருப்புகழிற் பாடியுள்ளார்.

இனி, நிலத்தைப் பார்ப்போம். சுற்றிலும் செம்மண்ணும் செம்புறைக்கல்லும் பரந்த மேட்டுக் காட்டின் நடுவே இக்குன்று எழுந்து நிற்கின்றது. வற்றாத ஆறு ஒன்றும் இப்பக்கத்தில் இல்லை. ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானம் பெரும்பாலும் வாளாவிருக்கும். இத்தகைய நிலத்தில் ஓர் ஊர் நூற்றாண்டுகள் பல நிலைபெற்றிருக்கிறதென்றால், பெய்த சில வாரத்து மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கிவைக்கும் அறிவு அவ்வூராரிடத்தே இருந்தது என்பதுதானே பொருள்?

மலையடியில் உள்ள சான்றுகள்

அவ்வறிவு எத்துணைப் பழமையானது என்பதை மலையடிவாரமே கூறும். இங்குள்ள ஞானியார் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே இக்குன்றில் துறவிகள் தங்கினர் என்பதற்கு அவை சான்றாகும். துறவி தங்க வேண்டுமாயின், அவருக்குச் சோறிடும் குடிகள் அருகில் இருந்திருத்தல் வேண்டும். குடிகள் இருந்தனர் எனின், விளைநிலமும் நீரும் இருந்திருத்தல் வேண்டும்.

அதன் பின்னர், கி.பி. எட்டாம் நூற்றாண்டையொட்டிப் பாண்டியர் காலத்திற் பாறையைக் குடைந்து கோயில்கள் எடுக்கப்பட்டன. அங்குள்ள சிவபெருமானின் திருப்பெயர் யாது? தேனாற்றுநாதர்! தேனாறு என்பது இவ்வட்டாரத்துக் காட்டாறு. மழைக்காலத்தில் ஓடிக் கோடையில் மணற்பரப்பாகிவிடுவது. அத்தகைய சிற்றாற்றின் பெயரை இறைவனுக்கு இட்டு வழிபட்ட நம் முன்னோரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். மலைமேல் உள்ளவன் மயிலுக்கு நாதன். மலைக்கீழ் உள்ளவன் ஆற்றுக்கு நாதன். படியேறிச் சண்முகநாதனைத் தொழும் நம்மிற் பலர், கீழே தேனாற்றுநாதன் முன் சற்றேனும் நிற்பதில்லை. ஆற்றையும் கண்மாயையும் நாம் மறந்தது இவ்விடத்தில்தான் தொடங்கிற்றோ என்று தோன்றுகிறது.

கண்மாய் என்னும் அமைப்பு

கண்மாய் என்பது மண்ணை வெட்டிக் கரைபோட்ட வெறும் பள்ளமன்று. மேட்டுநிலத்திற் பெய்த மழை வரத்துக்கால் வழியே வந்து கண்மாயிற் சேரும். கரை அதனைத் தடுத்து நிறுத்தும். மடை வழியே வயலுக்கு அளவாக நீர் போகும். கண்மாய் நிறைந்து மிகுமாயின், மிகுநீர் கலுங்கின் வழியே வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். இவ்வாறு ஒரு சங்கிலிபோல ஊர்கள் பல நீரினாற் பிணைக்கப்பட்டிருந்தன. மேலூரார் வரத்துக்காலை அடைத்தால் கீழூராரின் வயல் காயும். ஆதலின் ஊர்களுக்கிடையே வழக்கும் உண்டு, உடன்பாடும் உண்டு.

நீர் பாய்ச்சுவதற்கென்று நீர்பாய்ச்சி என்பார் இருந்தனர். எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு என்பதை அவரே வரையறுத்தார். நீர் குறைந்த காலத்தில் நிலமுடையவர் எவராயினும் தாமே மடையைத் திறத்தல் கூடாது. அறுவடையானதும் களத்திலேயே நீர்பாய்ச்சிக்கும், கொல்லருக்கும், தச்சருக்கும், பிற ஊழியருக்கும் நெல் அளக்கப்பட்டது. கோயிலுக்குரிய பங்கும் அளக்கப்பட்டது.

நன்செயில் ஒரு போகம் நெல். புன்செயில் வரகு, கேழ்வரகு, கொள்ளு, பின்னாளில் நிலக்கடலை. மேட்டில் முந்திரியும் புளியும். இதுவே இப்பக்கத்து வேளாண்மை. கோடையிற் கண்மாய் வற்றியவுடன், ஊரார் வண்டி கட்டி வந்து கரம்பை மண்ணை வெட்டி வயலுக்கு அடித்தனர். கண்மாய் ஆழமாயிற்று, வயல் உரம்பெற்றது. ஒரே செயலால் இரு பயன். கரையை உயர்த்தலும் வரத்துக்காலைச் செப்பனிடலும் ஊர்க்கடன். இதனையே குடிமராமத்து என்றனர்.

மருதிருவரும் நம்மவரும்

சிவகங்கைச் சீமையை மருதிருவர் ஆண்ட காலத்தில், பெரிய மருது ராஜபிளவையால் வருந்தினார் என்றும், நம்மவருள் காடன் செட்டியார் என்னும் முருகபக்தர் அளித்த குன்றக்குடித் திருநீற்றால் நலம்பெற்றார் என்றும் வழங்குவர். இச்செய்தியை நம் இல்லங்களிற் பெருமையோடு சொல்லிவருகிறோம். ஆனால் அதன் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நலம்பெற்ற மருதரசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததோடு நில்லாது, ஊரில் இருந்த குளத்தையும் சீர்ப்படுத்தினார். அது மருதாபுரி எனப் பெயர்பெற்றது என்பது ஊரார் கூறும் வழக்கு. தம் உயிர் காத்த இறைவனுக்கு நன்றி செலுத்த எண்ணிய மன்னர், மண்டபத்தோடு நீர்நிலையையும் அக்கணக்கிற் சேர்த்தார். 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவரும் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டனர். அவர்தம் ஆட்சி போயிற்று. அவர் கண்ட அறம் ஊரார் நாவில் நிலைத்தது.

நம் முன்னோரும் இவ்வுண்மையை அறியாதவரல்லர். செட்டிநாட்டு ஊர்களில் ஊருணிக்குக் கல்லாற் படிகட்டி, வரத்துக்காலைப் போற்றி, குடிநீர் ஊருணியில் கால்வைத்தல் ஆகாது என்று கட்டளையிட்டவர் அவர்களே. நம் வளவுகளை நோக்குங்கள். கூரைமேல் விழும் மழை நடுமுற்றத்தில் இறங்கி, அண்டாக்களில் நிறைந்து, எஞ்சியது வீணாகாமல் வெளியேறும்படி அமைத்துள்ளனர். 100 சதுரமீட்டர்க் கூரையின்மேல் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், அதன் அளவு 90,000 லிட்டர். இக்கணக்கை ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்தனர் நம் பாட்டனாரும் பாட்டியாரும்.

ஐராவதிக் கழனிகள்

இனிச் சொல்வது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். எனினும் நம் சங்கத்திற்குள் நாமே சொல்லாவிடின், வேறு யார் சொல்லுவர்?

நம்மவர் கொண்டுவிற்கச் சென்ற நாடுகளுள் தலையாயது பர்மா. ஐராவதி நதி பாயும் நெல்வயல்களுக்கு வேண்டிய முதலைக் கடனாகக் கொடுத்தவர் நகரத்தார். 1930-ஆம் ஆண்டில், கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல்விலை சரிந்து, கடனைத் திருப்ப இயலாத உழவர் நிலங்கள் நம்மிடம் வந்து சேர, 1938-ஆம் ஆண்டையொட்டி அது நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்காயிற்று. நம்மவர் விரும்பிக் கேட்டது நிலமன்று, பணமே என்பது மெய். ஆயினும், தன் நிலத்தை இழந்த பர்மிய உழவன் அதனை அவ்வாறு காணவில்லை. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பில் நம்மவர் ஆயிரக்கணக்கானோர் அனைத்தையும் விட்டுத் திரும்பினர். 1948-ஆம் ஆண்டு நிலவுடைமைச் சட்டமும், 1960-களில் வந்த நாட்டுடைமையாக்கமும் எஞ்சியதையும் கொண்டு சென்றன.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கடல்கடந்த கழனிகளின் விளைச்சலைக் காசு பிசகாமற் கணக்கெழுதிய நாம், தேனாற்றங்கரைக் கண்மாயின் ஆழம் எத்தனை முழம் என்று கேட்டதில்லை. உழவனோடு நமக்குள்ள உறவு பேரேட்டில் மட்டும் இருக்குமாயின், பேரேடு கிழிந்த அன்றே அவ்வுறவும் கிழிந்துபோம். அது பர்மாவில் நிகழ்ந்தது. நம் சொந்தச் சீமையில் அது நிகழ விடலாகாது.

கண்மாய் அழிந்த வகை

குடிமராமத்துத் தளர்ந்தது நேற்றன்று. அதனைக் கட்டாயமாக்கச் சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று என்றால், அக்காலத்திலேயே அது நலிந்திருந்தது என்பது தெளிவு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. குடிகளை நசுக்கிய முறை ஒழிந்தது நன்றே. ஆனால் கண்மாய் யாருடையது என்னும் கேள்வியும் உடன் எழுந்தது. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடையவை பொதுப்பணித்துறைக்கும், அதனிற் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று வகுக்கப்பட்டன. அரசின் கண்மாய் என்ற எண்ணம் வளர வளர, நம் கண்மாய் என்ற எண்ணம் தேய்ந்தது.

அதன்பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. பொத்தானை அழுத்தினால் நீர் வருமாயின், கரைக்கு மண்சுமப்பவர் யார்? மேட்டுக் காடுகளில் தைலமரம் நடப்பட்டு, வரத்து நிலங்களின் இயல்பு மாறிற்று. கண்மாய்க்குள்ளேயே சீமைக்கருவேல் அடர்ந்தது. விறகுக்கும் கரிக்கும் அது ஏழைகட்கு உதவியதென்பதை மறுக்கவில்லை. எனினும் நீர்நிற்கும் இடத்தை அது கவர்ந்துகொண்டது.

வண்டலின் தீங்கை வணிகர்க்குரிய முறையில், கணக்காகவே சொல்லிவிடுவோம். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 30 சென்டிமீட்டர் உயரம் வண்டல் படிந்தால், அக்கண்மாய் இழக்கும் கொள்ளளவு 3,000 கனமீட்டர். அதாவது 30 லட்சம் லிட்டர். பத்து ஹெக்டேர்க் கண்மாயாயின் மூன்று கோடி லிட்டர். மழை குறைந்துவிட்டது என்று வானத்தை நோகிறோம். பெய்த மழைக்கு நாம் இடம் வைத்திருக்கிறோமா என்று கேட்பதில்லை.

அடிகளார் காட்டிய வழி

இந்நிலைக்கு மாற்று உண்டு என்பதைக் குன்றக்குடியே காட்டியுள்ளது. அவ்வூர்த் திருமடத்தின் 45-ஆவது குருமகாசந்நிதானமாக 1952-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரிய சுவாமிகளை உலகம் குன்றக்குடி அடிகளார் என்றே அறியும். கோயில் குடிகளைத் தழுவி நிற்கவேண்டும், குடிகள் கோயிலைத் தழுவி நிற்கவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அதனை மேடையில் மட்டும் கூறி அவர் அமையவில்லை. 1970-களின் பிற்பகுதியில், காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளைத் தம் ஊருக்கு அழைத்து, குடும்பங்களின் நிலையை ஆராய்ந்து, எவருக்கு எத்தொழில் பொருந்தும், எந்நிலத்திற்கு எப்பயிர் பொருந்தும் என்று ஊராரோடு கலந்து திட்டம் வகுத்தார். வேளாண்மையும் சிறுதொழிலும் கூட்டுறவு முறையில் ஓங்க வழிசெய்தார். இந்திரா காந்தி அம்மையாரும் பாராட்டிய அம்முறை குன்றக்குடித் திட்டம் என்று பெயர்பெற்றது. அடிகளார் 1995-ஆம் ஆண்டு மறைந்தார்.

அந்த ஆராய்ச்சி நிலையம் எங்ஙனம் வந்தது? நம் குலத்திற் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். நம்மவர் ஒருவரின் கொடை கல்வியாயிற்று. அக்கல்வி ஒரு துறவியின் வழியே உழவனின் வாயிலை அடைந்தது. கொடையும் அறிவும் உழைப்பும் ஒருங்கு சேர்ந்தால் ஒரு சிற்றூர் நிமிரும் என்பதற்கு இதனினும் அணித்தான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

ஊருணி யாருக்கு?

நீரறத்தைப் பற்றிப் பேசும்பொழுது ஒன்றை மறைத்தல் முறையன்று. நம் சீமையில் ஊருணிகள் பல இருந்தன. ஆயின் எல்லாக் குலத்தாரும் அவற்றில் இறங்கி நீர் முகக்க அக்காலத்தில் இடமிருந்ததில்லை. கரைக்கு மண்சுமந்தவருக்கே படித்துறை மறுக்கப்பட்டதுண்டு. 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, கிணறும் குளமும் எல்லோர்க்கும் பொது என்று விதித்தது. அடிகளாரும் தம் வாழ்நாள் முழுதும் தீண்டாமையை எதிர்த்துப் பேசியவர். குலத்தின் பெயரால் கூடிய சங்கமாதலின், இதனைச் சொல்லும் கடமை நமக்கே மிகுதி. நாம் இனித் தூர்வாரும் நீர்நிலை எதுவாயினும், அதன் படி எல்லார் காலுக்கும் உரியதாக இருத்தல் வேண்டும். அல்லாக்கால் அது அறமாகாது.

நீர் மகமை

இனி, தடைகளை எண்ணுவோம். “கண்மாயைக் காப்பது அரசின் வேலை” என்பர் சிலர். அரசு 2017-ஆம் ஆண்டு குடிமராமத்துப் பணியை மீண்டும் தொடங்கியது உண்மை. ஆனால் அப்பெயரிலேயே குடி என்னும் சொல் முன்னிற்கின்றது. குடிகள் கைகொடாத மராமத்து ஒரு மழைக்குமேல் நிலையாது. “நாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வாழ்கிறோம்; ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது” என்பர் வேறு சிலர். பூட்டிய வீட்டிற்கும் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிறோம். படைப்புக்கும் காவடிக்கும் வந்து செல்கிறோம். அப்பொழுது நாம் பருகும் நீரும் உண்ணும் சோறும் எந்நிலத்தைச் சார்ந்தவை?

நம் முன்னோர் வணிகத்திற் கிடைத்த ஊதியத்தில் ஒரு பகுதியை மகமை என்று தனியே வரவு வைத்து அறத்திற்கு ஆக்கினர். புள்ளிதோறும் வரி வாங்கி நகரக் கோயில்களைப் புரந்தனர். அதே முறையில், புள்ளி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு நீர் மகமை எடுக்கலாம் என்பது நம் கருத்து. அத்தொகை பெரிதாயிருக்க வேண்டுவதில்லை; ஆண்டு தவறாதிருத்தலே வேண்டுவது.

அதனைச் செலவிடும் முறையும் சொல்வோம். முதலாவது, ஆண்டுக்கு ஒரு நீர்நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளல் வேண்டும். அதனை ஊராரும் ஆயக்கட்டு உழவருமே தேர்ந்தெடுக்க, உரிய துறையின் இசைவோடு பணி நடத்தல் வேண்டும். இரண்டாவது, பங்குனி முதல் ஆனிக்குள் தூர்வாரி, கரம்பை மண்ணை உழவர்க்கு விலையின்றி வழங்கி, ஐப்பசி மழைக்குமுன் வரத்துக்காலைத் திருத்திவிடல் வேண்டும். மூன்றாவது, வரவு செலவை நம் பத்திரிகையிலும், அவ்வூர்ச் சாவடியிலும் வெளியிடல் வேண்டும். நான்காவது இளைஞர்க்கு: மடை, கலுங்கு, வயல் இவற்றின் பெயர்களை அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர் சொல்வனவற்றை எழுதி வையுங்கள். பெயர் மறந்த வரத்துக்கால் ஒருநாள் மனைநிலமாகிவிடும்.

அன்பர்களே! நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர் காவடி தோளேந்திக் குன்றக்குடியிற் கூடிப் பழனிக்கு நடந்துவருகின்றனர் என்பது நம் குலவழக்கு. வழியெங்கும் உழவர் குடிகள் நிழலும் நீரும் அளித்து நம்மைப் புரந்து வந்துள்ளன. அக்கடனை நாம் எக்கணக்கில் எழுதினோம்? வணிகனுக்கு அழகு கடனை அறிந்து தீர்த்தல். மலைமேல் நாதனுக்குச் செய்வன குறைவின்றி நடக்கட்டும். மலைக்கீழ் ஆற்றுநாதனுக்கும் ஒரு பங்கு இனி நம் ஏட்டில் ஏறட்டும். கண்மாய் நிறைந்தால் வயல் நிறையும்; வயல் நிறைந்தால் ஊர் நிற்கும்; ஊர் நின்றால் கோயிலிலும் விளக்கெரியும்.

இந்நற்பணிக்குச் சண்முகநாதப் பெருமானும் தேனாற்றுநாதப் பெருமானும் திருவருள் பாலிப்பார்களாக.